தள்ளிப் பார்த்து வாங்குங்கள்

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில், உச்சிப்புளியில் பைக் பட்டறை வைத்திருக்கிறேன். வண்டிகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று வானொலி நிலையத்தார் கூப்பிட்டார்கள். மைலேஜ், எஞ்சின் ஆயில் என்று எல்லோருக்கும் தெரிந்ததைப் பேசுவானேன்? பட்டறைக்கு வருகிறவர்கள் பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, கொஞ்சம் கூச்சத்தோடு கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறது. "அண்ணே, நான் ஆள் குட்டை. இப்பத்தான் ஓட்டவே பழகுறேன். எனக்குக் கால் எட்டுற மாதிரி, விலையும் கட்டுபடியாகுற மாதிரி என்ன வண்டி எடுக்கலாம்?" ஆண் பெண் இருபாலரும் கேட்கிறார்கள். நானே ஐந்தடி இரண்டங்குலம்தான். அதனால் இதற்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கு இருப்பதாகவே நினைக்கிறேன்.

ஷோரூமில் சீட் உயரம் என்று ஒரு எண் சொல்வார்கள். ஸ்பிளெண்டர் பிளஸ் 785 மில்லிமீட்டர். ஹோண்டா ஷைன் 100 வண்டிக்கு 786. டி.வி.எஸ். ரேடியான் 780, அதே கம்பெனியின் ஸ்போர்ட் 790. எச்.எஃப். டீலக்ஸ் 805, பிளாட்டினா 100 வண்டிக்கு 807. முதல் நான்கும் ஐந்தடிக்காரருக்குச் சரிப்படும். கடைசி இரண்டும் கொஞ்சம் சோதிக்கும், ஆனால் ஒதுக்க வேண்டியதில்லை. ஏனென்றால் அந்த எண்ணைத் தாண்டி இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஆள் ஏறி உட்கார்ந்தால் ஷாக் அப்சர்பர் கொஞ்சம் அமுங்கும். மெல்லிய உடம்புக்காரருக்குக் குறைவாக, கனத்தவருக்குக் கூடுதலாக. இன்னொன்று, சீட்டின் முன்பக்க அகலம். டேங்க்கை ஒட்டிய இடத்தில் சீட் ஒடுக்கமாக இருந்தால் கால் நேராக இறங்கும். அகலமாக இருந்தால் தொடை விரிந்து, இருக்கிற கால் உயரமும் பக்கவாட்டில் வீணாகிப் போகும். ஆக்டிவாவுக்குச் சீட் உயரம் 764 தானே, இன்னும் வசதியாக இருக்குமே என்று நினைத்து ஏறுகிறவர்கள் ஏமாறுவது இதனால்தான். கால் வைக்கும் பலகையும் அகலம், சீட்டும் அகலம்.

இப்போது எடைக்கு வருகிறேன். நான் சொல்ல வந்ததே இதுதான். சீட் தாழ்வாக இருக்கிறது என்று சொல்லி பஜாஜ் அவெஞ்சரைக் காட்டுவார்கள். 737 மில்லிமீட்டர், உட்கார்ந்தால் நாற்காலி மாதிரி இருக்கும், இரண்டு காலும் தரையில் பொத்தென்று பதியும். ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350 வண்டியும் அப்படித்தான், 765. ஆனால் அவெஞ்சர் 150 கிலோவுக்கு மேல். மீட்டியோர் 191 கிலோ. 50 கிலோ எடையுள்ள ஒரு புது ஆள், சந்தைக் கூட்டத்தில் பின்னுக்குத் தள்ளித் திருப்பும்போது அந்த 191 கிலோ ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தால், கால் தரையில் இருந்து என்ன பயன்? வண்டியோடு சேர்ந்து காலும் மடங்கும். ஷைன் 100 வெறும் 99 கிலோ. ஸ்பிளெண்டரும் எச்.எஃப். டீலக்ஸும் 112 கிலோ அளவில் வரும். இவை சாய்ந்தால் தொடையை முட்டுக் கொடுத்து நிமிர்த்திவிடலாம். அதனால்தான் 807 மில்லிமீட்டர் உயரமுள்ள பிளாட்டினாவை ஐந்தடி ஆளுக்குத் தருவேனே தவிர, 765 உயரமுள்ள மீட்டியோரை முதல் வண்டியாகத் தர மாட்டேன்.

போன வருஷம் வேதாளைப் பக்கமிருந்து ஒரு பெண்ணும் அவருடைய அப்பாவும் வந்தார்கள். பெண் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு, ராமநாதபுரத்தில் வேலை. அப்பாவுக்கு ஸ்கூட்டி வாங்கிக் கொடுக்க ஆசை. "பொம்பளப் பிள்ளைக்கு கியர் வண்டி எதுக்குத் தம்பி?" என்று என்னிடம் கேட்டார். அந்தப் பெண் முந்திக்கொண்டு, "அப்பா, நம்ம தெரு மணல்ல சின்னச் சக்கரம் புதையுதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றது. நியாயமான பேச்சு. ஸ்கூட்டர் சக்கரம் 10 அங்குலம், 12 அங்குலம். 100 சி.சி. பைக்குகளில் 17 அல்லது 18 அங்குலம். மணல் திட்டிலும் குண்டு குழியிலும் பெரிய சக்கரம் எளிதாக ஏறி இறங்கும்.

பட்டறைக்கு சர்வீசுக்கு வந்திருந்த ஒரு ஷைனை அதன் சொந்தக்காரரிடம் கேட்டு வாங்கி, பெண்ணை உட்காரச் சொன்னேன். இரண்டு காலும் நுனிவிரல்தான் தொட்டது. முகம் வாடிவிட்டது. "கொஞ்சம் இடுப்பை இடது பக்கம் நகர்த்தி உட்காரும்மா" என்றேன். ஒரு சாண் கூட நகரவில்லை, இடது பாதம் முழுசாகத் தரையில் பதிந்துவிட்டது. வலது கால் பின் பிரேக்கில். ஓட்டத் தெரிந்தவர்கள் சிக்னலில் நிற்பதும் இப்படித்தான். உயரமானவர்கள்கூட இரண்டு காலையும் ஊன்றுவதில்லை. அப்புறம் இறங்கச் சொல்லி, எஞ்சினை ஆன் பண்ணாமல், ஹேண்டில் பாரைப் பிடித்து வண்டியைத் தள்ளிக்கொண்டே பட்டறை வாசலில் எட்டுப் போடச் சொன்னேன். அப்படியே பின்னுக்குத் தள்ளித் திருப்பச் சொன்னேன். மூச்சு வாங்காமல் செய்துவிட்டது. அதற்கு மேல் அப்பாவும் ஒன்றும் சொல்லவில்லை.

நீங்களும் ஷோரூமுக்குப் போனால் இதைச் செய்யுங்கள். உட்கார்ந்து பார்க்க எல்லோரும் விடுவார்கள். தள்ளிப் பார்க்கிறேன் என்று சொன்னால் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பார்க்கட்டும். தள்ளித் திருப்ப முடியாத வண்டியை வாங்காதீர்கள். சென்டர் ஸ்டாண்டும் போட்டுப் பாருங்கள். வண்டியைத் தூக்கப் போனால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும். ஸ்டாண்டின் இரண்டு காலும் தரையைத் தொட்ட பிறகு, உடம்பு எடை முழுவதையும் வலது காலால் ஸ்டாண்டு மேல் ஏற்றினால் வண்டி தானாகப் பின்னால் ஏறிக்கொள்ளும். குட்டை ஆட்களால் முடியாது என்று சொல்வதெல்லாம் சும்மா.

நம் கடற்கரையில் நிற்பதற்கும் ஒரு முறை உண்டு. இடது பக்கம் ஓட்டுகிறோம். தண்ணீர் வடிவதற்காகச் சாலை இடது ஓரத்தை நோக்கிச் சரிந்திருக்கும். அப்படியானால் ஊன்ற வேண்டிய இடது காலுக்குத்தான் தரை இன்னும் தாழ்வு. அதோடு தார் முடிகிற இடத்தில் ஒரு படி இறக்கம், அதற்கப்பால் மணல். பஸ் ஹாரன் அடிக்கிறதே என்று பதறி ஓரத்தில் ஒதுங்கி இடது காலை மணலில் வைத்தால், கால் புதைந்து வண்டி மேலே சாயும். ஒதுங்குவதானால் தாரை விட்டு இறங்காமல் ஒதுங்கி நில்லுங்கள். காலில் செருப்பு வேண்டாம், ஈரத்தில் வழுக்கும். அடி கனமான ஷூ போட்டால் பிடிப்பும் கிடைக்கும், இரண்டு சென்டிமீட்டர் உயரமும் கூடும். சைடு ஸ்டாண்டு மணலில் இறங்காமல் இருக்க, தட்டையான ஒரு பனைமட்டைத் துண்டு சீட்டுக்கு அடியில் கிடக்கட்டும்.

உயரத்தைக் குறைக்க வண்டியில் வேலை செய்யலாமா என்று கேட்பார்கள். சீட் கடையில் கொடுத்து முன்பக்க ஸ்பாஞ்சைக் கொஞ்சம் இழைத்து, ஓரத்தை ஒடுக்கித் தைக்கச் சொல்லலாம். சில நூறு ரூபாயில் முடியும், நல்ல பலன் தெரியும். பின் ஷாக் அப்சர்பரில் படிகள் இருந்தால் மிக இளக்கமான படியில் வைக்கலாம், பின்னால் ஆள் ஏற்றாதவரை. இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஸ்பிரிங்கை வெட்டுவது, சின்னச் சக்கரம் மாட்டுவது, முன் ஃபோர்க்கை இறக்குவது எதற்கும் நான் கை வைக்க மாட்டேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியின் அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. நாளைக்கு விபத்து என்றால் இன்சூரன்ஸிலும் தகராறு வரும். வண்டியைத் தாழ்த்திவிட்டால் சைடு ஸ்டாண்டு நீளமாகிப் போய் வண்டி சரியாகச் சாயாது, எதிர்ப்பக்கம் விழுந்துவிடும். இதை யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை.

விலை. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையுள்ள இருசக்கர வாகனங்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. நான் சொன்ன 100, 110 சி.சி. வண்டிகள் ஷோரூம் விலையில் 75,000 ரூபாய்க்கு உள்ளேயோ அதை ஒட்டியோ வரும். அதற்கு மேல் ஆயுட்கால வரி, பதிவுக் கட்டணம், புது வண்டிக்குக் கட்டாயமான ஐந்து வருட மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் எல்லாம் சேரும். அதனால் ஆன்ரோடு விலையை எழுதி வாங்கிக்கொண்டு பேசுங்கள். டியூ போடுவதானால் மாசத் தவணையை மட்டும் பார்க்காமல் மொத்தம் எவ்வளவு கட்டுகிறோம் என்று கூட்டிப் பாருங்கள். ஹெல்மெட்டுக்குத் தனியாக ஒரு தொகை எடுத்து வையுங்கள், ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதாக.

பழகுகிற காலத்தில் இரண்டு தடவையாவது விழும், புது வண்டி எதற்கு, பழசு வாங்கலாமே என்பவர்கள் சொல்வதும் சரிதான். ஆனால் கடலோரத்தில் பழைய வண்டி வாங்குவது தனி வித்தை. பெயின்ட் பளபளப்பைப் பார்க்காதீர்கள், குனிந்து அடியில் பாருங்கள். மீன் ஏற்றிய வண்டி என்றால் ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் பின்பக்கமாக வடிந்துகொண்டே இருந்திருக்கும். பின் மட்கார்டின் உட்புறம், நம்பர் பிளேட் மாட்டுகிற தகடு, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம், சென்டர் ஸ்டாண்டு வெல்டிங், இந்த நான்கு இடத்திலும் ஸ்குரூ டிரைவரின் பிடியால் தட்டுங்கள். 'ணங்' என்றால் இரும்பு இருக்கிறது. மண் மாதிரி சத்தம் வந்து செதில் உதிர்ந்தால், கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். அப்புறம் சீட்டைக் கழற்றி ஒயர் கனெக்டர்களைப் பிரித்துப் பாருங்கள். செம்பு பச்சையாகப் பூத்திருந்தால் மழைக்காலத்தில் நடுவழியில் நிற்கும். நம் மாவட்டத்து டி.என். 65 நம்பரிலேயே, அதே வருஷத்து வண்டி கடலை விட்டுத் தள்ளியுள்ள கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கம் ஓடியிருந்தால் அடிப்பாகம் எவ்வளவோ சுத்தமாக இருக்கும். இரண்டாயிரம் கூடக் கேட்டாலும் கொடுக்கலாம். 2019 ஏப்ரலுக்குப் பிந்தைய வண்டியாகப் பாருங்கள். அதிலிருந்து 125 சி.சி. வரையான புது வண்டிகளில் கூட்டு பிரேக் கட்டாயம். பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் கொஞ்சம் சேர்ந்து பிடிக்கும், புது ஆளுக்கு அது பெரிய துணை. ஆர்.சி.யில் பைனான்ஸ் பெயர் இருந்தால், அவர்கள் தரும் தடையில்லாச் சான்று, என்.ஓ.சி., கைக்கு வராமல் பணத்தைக் கொடுக்காதீர்கள். பேர் மாற்றப் படிவம் 29, 30 இரண்டிலும் விற்கிறவரின் கையெழுத்தை அன்றைக்கே வாங்கிவிடுங்கள்.

பழகுவதற்கு நம் ஊரில் இடத்துக்குப் பஞ்சமில்லை. கோடையில் வற்றிய கண்மாய்க்குள் வெடிப்பில்லாத கெட்டித் தரையாகப் பார்த்து இறங்குங்கள். முதலில் ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் ஹாஃப் கிளட்சில், அதாவது கிளட்ச் பிடியைப் பாதி மட்டும் விட்டு, ஆள் நடக்கிற வேகத்தில் போகப் பழகுங்கள். கால் எட்டாதவருக்குக் கிளட்ச்தான் கால். மெதுவாகப் போகும்போது வண்டி விழாமல் வைத்திருப்பது அதுதான். லைசன்ஸ் டெஸ்டில் போடச் சொல்கிற எட்டும் இந்த வித்தைதான், காலை ஊன்றினால் அங்கே போச்சு. கியர் வண்டியிலேயே டெஸ்ட் கொடுங்கள்; அந்த லைசன்ஸை வைத்து ஸ்கூட்டரும் எக்ஸ்.எல்.லும் ஓட்டலாம்.

விழுந்தால் பதற வேண்டாம். சாவியை அணையுங்கள். வலது பக்கம் விழுந்திருந்தால் நிமிர்த்துவதற்கு முன்பே சைடு ஸ்டாண்டை விரித்து வையுங்கள், இல்லாவிட்டால் நிமிர்ந்த வேகத்தில் அந்தப் பக்கம் போய்ச் சாயும். சீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு கையில் ஹேண்டில் பார், மறு கையில் பின் கம்பி என்று பிடித்து, காலால் உந்திச் சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நடங்கள். முதுகால் தூக்கக் கூடாது.

எடை குறைந்த வண்டிக்கு ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். காற்று. கச்சான், அதாவது மேற்குக் காற்று, அடிக்கிற மாசங்களில் பாம்பன் சாலைப் பாலத்தின் மேல் 99 கிலோ வண்டி நிஜமாகவே பக்கவாட்டில் தள்ளப்படும். பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், ஒதுங்க இடமில்லை. பெரிய பஸ் பக்கத்தில் கடக்கும்போது காற்று ஒரு நொடி நின்று, உடனே மறுபடி அறையும். அந்த இரண்டாவது அடியில்தான் புது ஆட்கள் தடுமாறுகிறார்கள். கையை இறுக்கிப் பிடிக்காமல், முழங்காலால் டேங்க்கை அணைத்து, 40 வேகத்தில் சீராகப் போங்கள். ரயில் பாலத்தைப் பார்க்கிறேன் என்று நடுவில் நிறுத்தாதீர்கள். காற்றில் நிறுத்திக் காலை ஊன்றுவது ஓட்டுவதைவிடக் கஷ்டம். தனுஷ்கோடிக்கு அப்பால் அரிச்சல்முனை வரை போகிற சாலையில் காற்றோடு மணலும் தார் மேல் ஏறிக் கிடக்கும். அந்த மணலைப் பார்த்தவுடன் முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, மணல் மேல் போகும்போது பிரேக்கைத் தொடாமல், ஹேண்டில் பாரை நேராக வைத்துக் கடந்துவிடுங்கள். எட்டு நன்றாகப் போட வந்த பிறகு, விடிகாலையில் காற்று தணிந்திருக்கும் நேரமாகப் பார்த்து முதல் தடவை பாம்பனுக்குப் போங்கள். வாய்ப்புக் கொடுத்த நிலையத்தாருக்கும் கேட்ட உங்களுக்கும் நன்றி, வணக்கம்.