ஒரு மண் அடுப்பு வழக்கு

நேயர்களுக்கு வணக்கம். யூத சமயத்தின் அடிப்படை நம்பிக்கைகள், பிற சமயங்களோடு அதன் உறவு, இரண்டையும் பேசச் சொல்லியிருக்கிறார்கள்.

கடவுள் ஒருவரே, அவருக்கு உருவம் இல்லை. அவர் சீனாய் மலையில் மோசே வழியாகத் தோரா என்ற திருமறையைத் தந்தார். அதில் 613 கட்டளைகள் என்பது மரபுக் கணக்கு. 12ஆம் நூற்றாண்டில் மைமோனிடிஸ் என்ற மேதை நம்பிக்கைகளைப் பதின்மூன்றாக வகுத்தார். ஆனால் யூத வாழ்க்கையில் அழுத்தமெல்லாம் செயலில்தான் விழுகிறது. வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததும் ஓய்வுநாள் தொடங்கிவிடும். சனிக்கிழமை இரவு வரை கடை திறப்பதில்லை, நெருப்பு மூட்டுவதில்லை. என்ன நம்புகிறாய் என்பதற்கு முன்னால் என்ன செய்கிறாய் என்று கேட்கும் சமயம் இது.

அடுத்து நான் எங்கே பேசினாலும் சொல்லாமல் விடாத கதை. யூத அறிஞர்களின் விவாதங்களைத் தொகுத்த தல்மூத் என்ற நூலில் இருக்கிறது. ஒரு மண் அடுப்பு. துண்டு துண்டாக வெட்டி, இடையே மணல் இட்டுச் சேர்த்தது. அது தீட்டுப்படுமா, படாதா? படாது என்கிறார் ரபி, அதாவது சமய ஆசான், எலியேசர். படும் என்கிறார்கள் மற்ற அறிஞர்கள் எல்லாரும். எலியேசர் எத்தனையோ வாதங்களை அடுக்கியும் எடுபடவில்லை. “நான் சொல்வது சரியென்றால் இந்தக் கரோப் மரம் சொல்லட்டும்” என்றார். மரம் வேரோடு பெயர்ந்து நூறு முழம் தள்ளிப் போய் நின்றது. “மரத்தைக் காட்டி எதையும் நிரூபிக்க முடியாது” என்றார்கள். வாய்க்கால் பின்னோக்கி ஓடியது. அதுவும் சாட்சியாகாது என்றார்கள். கல்விக்கூடத்தின் சுவர்கள் சாயத் தொடங்கின. “அறிஞர்கள் வாதாடினால் உங்களுக்கு என்ன?” என்று சுவர்களை அதட்டினார் ரபி யோசுவா. சுவர்கள் யோசுவாவுக்கு மரியாதை தந்து விழவில்லை. எலியேசருக்கு மரியாதை தந்து நிமிரவும் இல்லை!

கடைசியில் வானத்திலிருந்தே குரல் வந்தது: எலியேசர் சொல்வதே சரி. நம் ஊர்ப் பட்டிமன்றத்தில் நடுவர் பேசிவிட்டால் முடிந்தது. இங்கே யோசுவா எழுந்து நின்றார். “அது வானத்தில் இல்லை” என்றார். தோராவின் ஒரு பகுதியான உபாகமத்தின் வாசகம் அது. தோராவைத்தான் எங்களிடம் கொடுத்தாயிற்றே, இனிப் பெரும்பான்மை முடிவுதான் செல்லும் என்பது பொருள். அதைக் கேட்ட கடவுள் சிரித்தாராம்: “என் பிள்ளைகள் என்னை வென்றுவிட்டார்கள்.”

கேட்டீர்களா? தம் கடவுளையே வாதத்தில் வென்ற கதையைப் புனித நூலுக்குள் பத்திரப்படுத்திய சமயம்! கேள்வி கேட்பதையும் வழிபாடாகக் கருதுகிறவர்களால்தான் அது முடியும்.

இதே எலியேசரும் யோசுவாவும் இன்னொரு கேள்வியிலும் மோதினார்கள். யூதரல்லாதவருக்கு மறுமையில் பங்கு உண்டா? இல்லை என்றார் எலியேசர். எல்லா இனத்திலும் நல்லவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் பங்கு உண்டு என்றார் யோசுவா. மரபு யோசுவாவின் பக்கமே நின்றது. யூத சமயம் ஆள் சேர்க்கப் புறப்படாததற்கு இது ஒரு காரணம். மற்றவர்களுக்கு, பெருவெள்ளத்தில் தப்பிய நோவாவின் பெயரால் வழங்கும் ஏழு கட்டளைகள் போதும்: சிலை வணங்காமை, இறைவனைப் பழிக்காமை, கொலை, களவு, முறையற்ற உறவு தவிர்த்தல், உயிரோடிருக்கும் விலங்கின் உறுப்பை வெட்டி உண்ணாமை, நீதிமன்றம் அமைத்தல். மீண்டும் பாருங்கள், ஏழுமே நடத்தை பற்றியவை.

நேரம் குறைவாக இருக்கிறது. கிறிஸ்தவம், இஸ்லாம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இஸ்லாத்தைத் தூய ஓரிறை வழிபாடு என்று ஏற்ற மைமோனிடிஸ், ஒரே கடவுள் மூன்று ஆட்களாக இருக்கிறார் என்ற கிறிஸ்தவத் திரித்துவத்தை ஏற்கவில்லை. அவருக்குப் பின் வந்த பெர்ப்பிஞ்ஞான் நகரத்து யூத அறிஞர் மெய்ரி, இரு சமயத்தாரையும் பழங்காலச் சிலை வணக்கத்தாரோடு சேர்க்கக் கூடாது என்றார். இயேசுவின் சாவுக்கு யூதர் அனைவர் மீதும் பழி சுமத்தக் கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபை அறிவித்தது 1965இல்தான். 2000இல் யூத அறிஞர்கள் பலர் கையெழுத்திட்டு ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். யூதரும் கிறிஸ்தவரும் வணங்குவது ஒரே கடவுளை என்று அது தொடங்கியது. அதை மறுத்த யூத அறிஞர்களும் உண்டு. அவர்கள் தரப்பைச் சொல்ல இன்று நேரம் இடம் தரவில்லை. வணக்கம்.