நேராகக் கேளுங்கள்

(பிளஸ் டூ மாணவர், பெற்றோர் கூட்டத்தில் மனநல மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையிலிருந்து)

எல்லோருக்கும் வணக்கம். ரிசல்ட் வந்த பிறகு கூப்பிடாமல், வருவதற்கு முன்பே கூப்பிட்டதற்கு நன்றி.

பெற்றோர் என்னிடம் தணிந்த குரலில் கேட்பது இதுதான்: "டாக்டர், தற்கொலையைப் பத்திப் பிள்ளைகிட்ட பேசினா, இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட்ட மாதிரி ஆயிடாதா?" ஆகாது. ஆராய்ந்து பார்த்தாயிற்று. கேட்பதால் அந்த எண்ணம் முளைப்பதில்லை. ஏற்கெனவே அதோடு தனியாகத் திண்டாடும் பிள்ளைக்கு, யாராவது கேட்டால் பாதி பாரம் இறங்கும்.

இந்த வயதில் சோகம் எப்போதும் அழுகையாக வராது. எரிச்சலாக வரும், வீட்டில் நாம் அதற்குத் 'திமிர்' என்று பெயர் வைத்துவிடுவோம். உயிராக வைத்திருந்த கிரிக்கெட் மட்டையைப் பக்கத்து வீட்டுத் தம்பியிடம் "நீயே வச்சுக்கோடா" என்று கொடுத்துவிடுவான். ராத்திரியெல்லாம் விழித்திருப்பாள், சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள். "நான் இல்லைன்னா உங்களுக்கெல்லாம் நிம்மதிதானே" என்பாள். "சும்மா மிரட்டுறா" என்று அதைத் தள்ளிவிடாதீர்கள். தூக்கம் கெட்ட பிள்ளையெல்லாம் ஆபத்தில் இருப்பதாக நான் சொல்லவில்லை. நம் பிள்ளை பழைய பிள்ளையாக இல்லையே என்று மனசுக்குப் பட்டால் கவனியுங்கள். முன்பு ஒருமுறை தற்கொலைக்கு முயன்ற பிள்ளை என்றால் இன்னும் கூடுதலாக.

எப்படிக் கேட்பது? பைக்கில் போகும்போதோ, மொட்டை மாடியில் துணி மடிக்கும்போதோ, "கண்ணு, செத்துப் போயிடலாம்னு எப்பவாவது தோணுதா?" என்றே கேளுங்கள். "ஆமா" என்று பதில் வந்தால் நெஞ்சு பதறும். பதறட்டும். "உனக்கு என்ன குறை வெச்சோம்?" என்பது மட்டும் வாயில் வரக்கூடாது. பிள்ளை பேசி முடிக்கும்வரை கேளுங்கள்.

அன்றைக்குத் தனியாக விடாதீர்கள். வீட்டிலுள்ள மாத்திரைகள், வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்து எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். செத்துவிடலாம் என்ற அந்த வேகம் பெரும்பாலும் கொஞ்ச நேரம்தான். அதைக் கடத்திவிட்டால் பிள்ளை பிழைத்துக்கொள்ளும். காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில், பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொது இடத்தில் பூட்டிவைக்கும் ஏற்பாட்டை, தற்கொலைத் தடுப்புக்காக இயங்கும் சென்னை சினேகா அமைப்பு செய்து பார்த்தது. தற்கொலைகள் குறைந்தன.

அடுத்து, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எதிலும் மனநலப் பிரிவு உண்டு, கூட்டிப் போங்கள். "போலீஸ் கேஸ் ஆயிடுமே" என்று தற்கொலை முயற்சியை மறைக்கும் குடும்பங்களை நிறையப் பார்க்கிறேன். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் கருதச் சொல்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை. "ஊருக்குத் தெரிஞ்சா?" என்பதற்கு என்னிடம் பதில் இல்லை, ஊர் நாலு நாள் பேசும், அவ்வளவுதான்.

ரிசல்ட்டுக்கு முன்பே வீட்டில் சொல்லிவிடுங்கள்: தேறாவிட்டால் துணைத்தேர்வு எழுதி அதே ஆண்டில் கல்லூரி சேரலாம்.

போனை எடுங்கள், பதிந்துகொள்ளுங்கள். 14416, மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ்: 24 மணி நேரமும், தமிழில், இலவசம். தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104 இருக்கிறது. பிள்ளைகளே நேராகப் பேசலாம்.

கடைசி வரிசைத் தம்பி தங்கைகளே, "யார்கிட்டயும் சொல்லாதே" என்று நண்பன் உங்களிடம் சத்தியம் வாங்கியிருக்கலாம். அந்தச் சத்தியத்தை மட்டும் மீறிவிடுங்கள். நம்பிக்கையான டீச்சரிடமோ அவன் அம்மாவிடமோ இன்றைக்கே சொல்லுங்கள். அவன் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.