அல்வா பாவம்! நெல்லைத் தொப்பைக்குக் காரணம் வேற

திருநெல்வேலிக்காரருக்குக் கொஞ்சம் தொப்பை இருந்தால் போதும், வெளியூர்க்காரர் கேட்கிற முதல் கேள்வி: "என்ன அண்ணாச்சி, தினமும் அல்வாவா?"

நெல்லையப்பர் கோயில் எதிரே சாயங்காலம் அல்வாவுக்கு வரிசையில் நிற்பவர்களைப் பாருங்கள். நிறையப் பேர் கையில் பயணப் பை இருக்கும். உள்ளூர்க்காரர் நின்றால் அது மெட்ராஸ் மாமாவுக்குக் கொடுத்துவிடத்தான். கோதுமைப் பால், சீனி, நெய் சேர்ந்த பண்டம், கலோரிக்குப் பஞ்சமே இல்லை, அதை மறுக்கவில்லை. ஆனால் தினமும் மூன்று வேளை தட்டில் விழுவது அல்வா இல்லையே!

[திரையில்: தலைப்பு. பின்னணியில் தாமிரபரணிப் பாலம்]

முதலில் கணக்கு. போர் அடிக்கும், சீக்கிரம் முடித்துவிடுகிறேன். கிலோ எடையை, மீட்டரில் எடுத்த உயரத்தால் இரண்டு தடவை வகுத்தால் வருவது பி.எம்.ஐ. 25-ஐத் தொட்டால் அதிக எடை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியப் பெண்களில் 24 சதவீதம் பேர் இந்தக் கோட்டுக்கு மேலே. பீகாரில் 15.9. தமிழ்நாட்டில் 40.4! 2015-16 ஆய்வில் நாம் 30.9-ல் இருந்தோம். ஆண்கள் சிரிக்க வேண்டாம், நீங்கள் 37.

இதில் எனக்குப் பிடித்த எண் எது தெரியுமா? பஞ்சாப். அங்கே பெண்களில் 40.8. வெண்ணெய் மிதக்கிற பராத்தா, ஆளுயர டம்ளரில் லஸ்ஸி என்று நாம் கிண்டல் செய்கிற அதே பஞ்சாப். "எங்க இட்லி ஆவியில் வேகுதுல்லா, எண்ணெயே கிடையாது" என்று பெருமை பேசுகிற நாமும் அவர்களும் கிட்டத்தட்ட ஒரே படியில் நிற்கிறோம். இட்லியில் எண்ணெய் கிடையாது, சரி. எட்டு இட்லி போனால்?

அப்புறம், பீகாரைப் பார்த்துப் பொறாமைப்படவும் வேண்டாம். அங்கே நாலில் ஒரு பெண்ணுக்கு எடை இருக்க வேண்டியதைவிடக் குறைவு. அது நல்ல சாப்பாட்டால் வந்த ஒல்லி இல்லை.

"நான் ஒல்லிதானே, எனக்கென்ன" என்று வீடியோவை மூடப் போகிறவர் ஒரு நிமிஷம் இருங்கள். 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு விஞ்ஞானிகளின் படம் வந்தது. ஒருவர் பிரிட்டனைச் சேர்ந்த யுட்கின், இன்னொருவர் புனேயைச் சேர்ந்த யாஜ்னிக். இருவருக்கும் பி.எம்.ஐ. அச்சு அசலாக 22.3. உடம்பில் கொழுப்பு எவ்வளவு என்று பார்த்தால் அவருக்கு 9.1 சதவீதம், நம்ம ஆளுக்கு 21.2! சட்டைக்கு வெளியே ஒல்லி, உள்ளே கொழுப்பு. அதனால்தான் இந்தியர்களுக்கு 23-லேயே மணி அடித்துவிட வேண்டும் என்கிறார்கள் டாக்டர்கள்.

[திரையில்: நிரம்பிய சோற்றுத் தட்டு, மேலிருந்து]

சரி, அடுப்படிக்கு வருவோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுக்க நடத்திய பெரிய ஆய்விலிருந்து 2025-ல் ஒரு கட்டுரை வந்தது. இந்தியர் ஒருநாள் சாப்பிடும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. தெற்கே அது பெரும்பாலும் வெள்ளை அரிசி, வடக்கே கோதுமை. மாவுச்சத்து கூடக்கூடச் சர்க்கரை நோயும் கூடுகிறது, வயிறும் கூடுகிறது. இதுவரைக்கும் நமக்குத் தெரிந்ததுதான். அடுத்தது ரகளை. அரிசியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கோதுமையையோ சிறுதானியத்தையோ வைத்தால் மட்டும் சர்க்கரை அபாயம் குறைந்ததாகத் தெரியவில்லை!

நம் ஊரில் சுகர் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு ராத்திரியே வீட்டில் என்ன நடக்கும்? சோற்றுப் பானை ஓரத்துக்குப் போகும், சப்பாத்திக் கட்டை வரும். இல்லையென்றால் கோதுமை தோசை. அண்ணாச்சி அஞ்சு சப்பாத்தி சாப்பிட்டுவிட்டு "நான் சோறே தொடுறதில்ல" என்று ஊர் முழுக்கச் சொல்வார். சோறு மாறியது, மாவு மாறவில்லை அண்ணாச்சி.

அப்போது எது வேலை செய்கிறது? மாவுச்சத்திலிருந்து வரும் கலோரியில் கொஞ்சத்தை எடுத்துவிட்டு அங்கே பருப்பு, பால், முட்டை, மீன் வழியாகப் புரதத்தை வைத்தவர்களுக்கு அபாயம் குறைவாக இருந்தது. இதைப் படித்ததும் எனக்கு நினைவு வந்தது எங்கள் ஊர் உளுந்தஞ்சோறு. கொஞ்சம் நீளமாகப் பேசப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்காக: தொலி போகாத கறுப்பு உளுந்து, இரண்டாக உடைத்தது. அதை வெறும் சட்டியில் வாசம் வருகிற வரைக்கும் வறுக்க வேண்டும். இங்கே அவசரப்பட்டால் சோறு பச்சை வாடை அடிக்கும். அப்புறம் அரிசி, தோலோடு முழுப் பூண்டு, கொஞ்சம் வெந்தயம், சீரகம், கை நிறையத் தேங்காய்த் துருவல். எல்லாம் ஒன்றாக வெந்து, தொலி சாம்பல் நிறத்தில் சோற்றோடு ஒட்டிக்கொண்டு வரும். பார்க்க அழகில்லை, ஒத்துக்கொள்கிறேன். போட்டோ எடுத்துப் போட்டால் யாரும் லைக் போட மாட்டார்கள். ஆனால் மேலே நல்லெண்ணெய் ஊற்றி, பக்கத்தில் எள்ளுத் துவையலும் அவியலும் வைத்தால் பேச்சே வராது. கறி சாப்பிடுகிற வீடுகளில் கருவாட்டுக் குழம்பு. அந்த ஜோடிக்கு முன்னால் பிரியாணி எல்லாம் சும்மா, இது என் சொந்தக் கருத்து, சண்டைக்கு வரலாம்.

இப்போது கணக்கு. 100 கிராம் அரிசியில் புரதம் ஏழெட்டு கிராம், உளுந்தில் 23 கிராம் பக்கம். 300 கிராம் வெறும் அரிசி பொங்கினால் 23 கிராம் புரதம். அதே 300-ஐ, இரண்டு பங்கு அரிசி, ஒரு பங்கு உளுந்து என்று பொங்கினால் 38. ஒன்றரை மடங்குக்கு மேலே! பாட்டி யாரும் லான்செட் படிக்கவில்லை. மானூர்ப் பக்கம் கரிசலில் உளுந்து விளைந்தது, வீட்டில் இருந்ததைப் போட்டுப் பொங்கினார்கள்.

பழைய நெல்லைச் சீமையில் ஒவ்வொரு மண்ணுக்கும் ஒரு தட்டு. ஆற்றுப் பாசனம் உள்ள அம்பாசமுத்திரம் பக்கம் நெல்லுச்சோறு, கரிசலில் கம்பும் சோளமும், உவரிக் கடற்கரையில் மீன், திசையன்விளைத் தேரியில், அதாவது செம்மணல் காட்டில், பனை. இன்றைக்கு ராத்திரி எட்டு மணிக்கு இந்த எல்லா ஊரிலும் ஒரே சத்தம்தான் கேட்கிறது: கொத்துப் பரோட்டாக் கல். மைதா, எண்ணெய், மேலே சால்னா. எனக்கும் பிடிக்கும். ஆனால் அதில் உளுந்தும் இல்லை, கம்பும் இல்லை.

கருப்பட்டி ரசிகர்களுக்கு ஒரு வார்த்தை: அதுவும் சர்க்கரைதான். காலையும் மாலையும் இடுப்பில் பாளை அரிவாளோடு பனை ஏறி இறங்கினவருக்கு அது சரி. ஏ.சி. அறையில் நாலு டம்ளர் கருப்பட்டிக் காபி குடிக்கிறவருக்கு?

[திரையில்: மடியில் சுளகு, பீடி சுற்றும் கைகள்]

உழைப்பு என்றதும் யாரும் பேசாத ஒரு விஷயம். கிராமத்துப் பெண்கள் என்றால் வயலில் குனிந்து நடுகிற காட்சிதான் நம் மனதில் வரும். முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கம் போய்ப் பாருங்கள். திண்ணையில் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, மடியில் சுளகு. இலையை வெட்டி, தூளை வைத்து, உருட்டி, நூல் கட்டி, அடுத்தது. கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பதால் எழுந்து நடந்தால் காசு குறையும். விரலுக்கு ஓயாத வேலை, இடுப்புக்குக் கீழே அசைவே இல்லை. மதியம் தட்டில் விழுவதோ நாற்று நட்டுவிட்டு வந்தவருக்கான சோறு. அவர்களைப் பார்த்து "வாக்கிங் போங்க" என்று அறிவுரை சொல்வது எனக்குக் கோபம்தான் வரவழைக்கிறது. வீட்டு வேலை, பீடி, பிள்ளைகள் போக எந்த நேரத்தில் போவார்கள்?

கடைசியாக, தையல் டேப் இருந்தால் எடுத்துத் தொப்புள் மட்டத்தில் சுற்றிப் பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80, அதைத் தாண்டினால் உஷார். வயிற்றை உள்ளே இழுக்கக் கூடாது, நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்!

உங்கள் வீட்டு உளுந்தஞ்சோற்றில் அரிசி எத்தனை பங்கு, உளுந்து எத்தனை பங்கு என்று கமெண்டில் எழுதுங்கள். பாதிக்குப் பாதி போடுகிறவர்கள் இருந்தால் அந்தக் கமெண்டை நான் பின் பண்ணுகிறேன். தூத்துக்குடிக்காரர்களும் தென்காசிக்காரர்களும் "எங்க ஊர் பக்குவம்தான் அசல்" என்று வருவீர்கள், தெரியும். வாருங்கள்.