புரதம் காட்டும் பழைய சூடு

அவையோருக்கு வணக்கம். காலையில் அவித்த முட்டை சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள் இங்கே சிலர் இருப்பீர்கள். வழவழவென்று ஓடும் வெள்ளைக்கரு 62 டிகிரி வாக்கிலேயே இறுகத் தொடங்கிவிடும். மடிந்து சுருண்டு கிடந்த புரத இழைகள் சூட்டில் அவிழ்ந்து, ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. அப்புறம் எவ்வளவு ஆறவைத்தாலும் பழையபடி இளகாது. கோழியின் உடல் சூடு 41 டிகிரியை ஒட்டியது. அதைவிட இருபது டிகிரி கூடுதலாகத் தாங்கினால் அதற்குப் போதும்.

அமெரிக்காவின் எல்லோஸ்டோன் பூங்காவில் கதை வேறு. அங்குள்ள வெந்நீர் ஊற்றில் தாமஸ் பிராக்கும் அவருடைய மாணவர் ஹட்சன் ஃபிரீஸும் ஒரு பாக்டீரியாவைக் கண்டெடுத்து, 1969-இல் தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்று பெயரிட்டார்கள். கைவைத்தால் வெந்துவிடும் 70 டிகிரி நீரில் அது செழிப்பாக வளர்கிறது. டிஎன்ஏவைச் சுற்றுச் சுற்றாகச் சூடேற்றிப் பிரதியெடுக்கும் பிசிஆர் சோதனைக்கு வழிவிட்டது அதன் நொதிதான். நொதியும் ஒரு புரதமே. அதற்கு முன்பு ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவின் நொதியைத்தான் போட்டார்கள். ஒவ்வொரு சுற்றிலும் 95 டிகிரிக்குச் சூடேற்றும்போது அது கெட்டுப்போகும், மறுபடி ஊற்ற வேண்டும்.

சரி, இவ்வளவு வலுவான புரதத்தை எல்லா உயிரும் வைத்துக்கொள்ளலாமே? நொதி வேலை செய்ய அதன் உடல் கொஞ்சம் நெளிந்து கொடுக்க வேண்டும். 70 டிகிரியில் துள்ளும் அந்த நொதி, நம் அறைச் சூட்டில் விறைத்து மந்தமாகிவிடும். இன்னொரு காரணமும் உண்டு. தற்செயலாக வரும் மரபணு மாற்றங்களில் பெரும்பாலானவை புரதத்தைத் தளர்த்துபவை. வெந்நீரில் அந்தத் தளர்வு உயிரை வாங்கும். குளிர்ந்த இடத்தில் ஒன்றும் ஆகாது, அப்படியே தங்கிவிடும். இந்த இரண்டாவது காரணத்துக்கு நாம் உரிய இடம் கொடுப்பதில்லை என்பது என் எண்ணம்.

என்னை உலுக்கிய ஆய்வு, 2008-இல் எரிக் காச்சர் குழுவினர் நேச்சர் இதழில் வெளியிட்டது. புரத உற்பத்திக்கு உதவும் இஎஃப்-டியூ என்ற புரதம் எல்லாப் பாக்டீரியாவிலும் உண்டு. ஒரு பாக்டீரியா எந்தச் சூட்டில் வளர்கிறதோ, அதையொட்டியே அதன் இஎஃப்-டியூ உருக்குலையும் சூடும் அமையும். அவர்கள் இன்றைய பாக்டீரியாக்களின் இஎஃப்-டியூவில், புரதத்தின் கண்ணிகளான அமினோ அமிலங்கள் அமைந்திருக்கும் வரிசைகளை ஒப்பிட்டு, மூதாதைகளின் வரிசையைக் கணித்தார்கள். எந்த உயிரிலும் இன்று இல்லாத அந்தப் புரதங்களை ஆய்வகத்தில் செய்து, மெல்ல மெல்லச் சூடாக்கிப் பார்த்தார்கள். 350 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து 50 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை, அவை உருக்குலையும் சூடு சுமார் 30 டிகிரி இறங்கியிருந்தது. சிக்கிமுக்கிக்கல் வகைப் பாறைகளின் ஆக்சிஜன் ஐசோடோப்புகளை (எடை வேறுபட்ட ஆக்சிஜன் அணு வகைகளை) வைத்துக் கணித்த பழங்கடலின் சூடும் ஏறத்தாழ அப்படித்தான் இறங்குகிறது. கல்லும் புரதமும் ஒரே சாட்சி சொல்வதைப் பார்த்த அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஆனால் இப்படிக் கணிக்கும் முறையே மூதாதைப் புரதத்தை உண்மையில் இருந்ததைவிடக் கூடுதல் சூடு தாங்குவதாகக் காட்டிவிடலாம். கடல் முழுவதுமே அவ்வளவு சூடாக இருந்ததா, அந்த மூதாதைகள் வெந்நீர் ஊற்றோரம் மட்டும் பிழைத்தவையா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.