டிப்பர் லாரியை ராக்கெட் வண்டியாக்கலாம் வாங்க | கிருஷ்ணகிரி குவாரி ஸ்பெஷல்

வணக்கம் மக்களே! கிருஷ்ணகிரியிலிருந்து பேசுகிறேன். மேஜைமேல் இன்றைக்கு நிற்பது ஒரு பொம்மை டிப்பர் லாரி. பின்னால் இழுத்து விட்டால் முன்னால் ஓடுமே, அந்த வகை. பழையபேட்டையில் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் வாங்கியது. ஏதோ ஒரு கிரகத்தில் ஜல்லி ஏற்றிக்கொண்டிருந்த வண்டி இது. அங்கே சண்டை வந்துவிட்டது, வேறு வண்டி இல்லை, இதையே ராக்கெட் சுமக்க அனுப்பிவிட்டார்கள். கதை அவ்வளவுதான். இனி கத்தியும் பசையும் பெயிண்டும்தான்.

சேனலுக்குப் புதிதாக வந்தவர்களுக்காக ஒரு நிமிடம். மேஜைமேல் சின்னச் சின்னப் படைவீரர்களையும் வண்டிகளையும் நிறுத்தி, டேப்பால் தூரம் அளந்து, தாயக்கட்டை உருட்டி ஆடும் போர் விளையாட்டு இது. விண்வெளிக் கதையில் ஊறிய வார்ஹாமர் 40,000 இங்கிலாந்தில் 1987இல் வந்தது. இன்றைக்கும் அதுதான் இந்த உலகத்தின் பெரிய பெயர். ஒட்டிச் செய்யும் பாகங்கள் அடங்கிய அதன் டாங்கிப் பெட்டியை இங்கே வரவழைத்தால் கூரியர், வரி எல்லாம் சேர்த்து வீட்டில் சொல்ல முடியாத விலை ஆகிவிடும். ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அந்த விளையாட்டின் ஆரம்ப காலத்தில் வண்டிக்குத் தனிப் பெட்டிகள் அதிகம் கிடையாது. தீர்ந்துபோன டியோடரண்ட் டப்பாவை வைத்துத் தரைக்கு மேலே மிதக்கும் டாங்கி செய்வது எப்படி என்று கம்பெனியே சொல்லிக்கொடுத்தது. அதனால் பொம்மை லாரியை வெட்டுகிறோமே என்று யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை. எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு ஒன் பேஜ் ரூல்ஸ் விதிகளை வைத்துக்கொள்கிறோம். அடிப்படை விதிகள் இலவசம், பொம்மை எந்தக் கம்பெனியுடையது என்ற கேள்வியும் இல்லை.

சரி, முதலில் அளவு. நம் வீரர்கள் 28 மில்லிமீட்டர் வகை. நிஜ அளவில் ஏறத்தாழ 56இல் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பொம்மைக் கடைக்குப் போகும்போது ஒரு வீரனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவேன். லாரிக் கதவுக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பேன். அவன் தலை ஜன்னலின் கீழ் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே நின்றால் சரியான வண்டி. கடைக்காரர் ஒருமாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

வண்டியின் நீள அகலத்தைவிட, மனிதன் தொடுகிற இடங்கள்தான் அளவைக் காட்டிக்கொடுக்கும். கூரையில் ஆள் இறங்குகிற மூடி வைக்கிறீர்களா? 11 மில்லிமீட்டர் அகலம் வையுங்கள். நிஜத்தில் அது 60 சென்டிமீட்டர் சொச்சம், தோள் நுழையும். ஏணிப்படிக்கு 5 மில்லிமீட்டர் இடைவெளி விட்டால் நிஜத்தில் 28 சென்டிமீட்டர், கால் எட்டும். இந்த இரண்டும் சரியாக இருந்தால் வண்டி எவ்வளவு கற்பனையாக இருந்தாலும் கண் ஒப்புக்கொள்ளும்.

இப்போது பின்பக்கம். ஏன் டிப்பர், ஏன் சாதா லாரி இல்லை என்றால், டிப்பரின் பாடி தானாகத் தூக்கும். தூக்கிய பாடியைப் பாருங்கள், அதுவே ராக்கெட் ஏவுகிற கோணம்! உள்ளே குழாய்களை அடுக்கினால் வேலை முடிந்தது. இந்த மலைகளுக்கு ராக்கெட் புதிதும் இல்லை. கிருஷ்ணகிரியைச் சுற்றிய இந்தப் பாராமகால் பூமி 1792 உடன்படிக்கையில் வெள்ளைக்காரன் கைக்குப் போகும்வரை ஹைதர், திப்புவின் மைசூரோடு இருந்தது. இரும்புக் குழாயில் மருந்து அடைத்து, மூங்கிலில் கட்டிவிடும் ராக்கெட்டுகள் மைசூர்ப் படையில் இருந்தன. 1780இல் காஞ்சிபுரம் பக்கம் புள்ளலூரில் கிழக்கிந்தியக் கும்பெனிப் படை அவற்றிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டது. அதைப் பார்த்துத்தான் பின்னாளில் இங்கிலாந்தில் காங்கிரீவ் என்பவர் தன் ராக்கெட்டைச் செய்தார். ஜன்னலைத் திறந்தால் கோட்டை மலை தெரிகிற ஊரில் உட்கார்ந்து லேசர் பீரங்கி வைக்க எனக்கு மனம் வரவில்லை.

குழாய்க்குக் காகித ஸ்ட்ரா. ஜூஸ் குடிக்க இதைப்போல எரிச்சல் தருவது வேறில்லை, பாதியிலேயே ஊறிப்போய்விடும். ராக்கெட் குழாய்க்கு அருமை. 6 மில்லிமீட்டர் ஸ்ட்ரா நிஜத்தில் 33 சென்டிமீட்டர் குழாய். உட்புறமும் வெளிப்புறமும் ஃபெவிக்விக்கை ஊற வைத்தால் கல்லாகிவிடும், பிறகு வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளால் தேய்க்கலாம். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், கண் எரியும். கண்ணாடி பாகங்களைக் கழற்றித் தள்ளி வையுங்கள். அந்தப் பசையின் ஆவி பட்டால் கண்ணாடி பிளாஸ்டிக் வெள்ளையாகப் பூத்துவிடும், துடைத்தாலும் போகாது.

கேமராவைக் கொஞ்சம் கிட்டே கொண்டுவருகிறேன். பாடிக்கு அடியில் இந்த வெள்ளிக் கம்பி தெரிகிறதா? உடைந்த எஃப்எம் ரேடியோவின் ஏரியல். நிஜ டிப்பரில் பாடியைத் தூக்கும் ஜாக் எப்படி ஒன்றுக்குள் ஒன்றாக நீளுமோ, அப்படியே இதுவும் நீளும். அடிக்கணு 3 மில்லிமீட்டர், நிஜத்தில் 17 சென்டிமீட்டர் கனம். கணக்கும் ஒத்துவருகிறது. இதோ, விரலால் தூக்குகிறேன்... இறக்குகிறேன். இதைத்தான் நேற்று முழுக்க விளையாடிக்கொண்டிருந்தேன், வேலை நடக்கவில்லை.

பின் சக்கரங்களை எடுத்துவிட்டு அங்கே டாங்கிச் சங்கிலி. பழைய வாட்ச் ஸ்ட்ராப்! ஓசூரில் டைட்டன் தொழிற்சாலை இருக்கிற மாவட்டத்தில் வாட்ச் ஸ்ட்ராப்புக்கா பஞ்சம்? ரிப்பேர் கடையில் அறுந்தவற்றை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருப்பார்கள், கேட்டால் கொடுப்பார்கள். லேடீஸ் ஸ்ட்ராப் கேளுங்கள். 12 மில்லிமீட்டர் அகலம் நிஜத்தில் 67 சென்டிமீட்டர், அசல் டாங்கிச் சங்கிலி கிட்டத்தட்ட அந்த அகலம்தான். ஜென்ட்ஸ் ஸ்ட்ராப் 20 மில்லிமீட்டர் போட்டால் ஒரு மீட்டருக்கு மேல் போய் புல்டோசராகிவிடும். கவசத் தகடுகளுக்குக் காலாவதியான ஏடிஎம் கார்டு, இடுக்குகளை மூட எம்-சீல். டாங்கிப் பெட்டிப் பாகங்களை ஒட்டும் பிளாஸ்டிக் பசை இங்கே உதவாது. அது பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டுவதற்கானது, பொம்மை லாரியும் ஏடிஎம் கார்டும் வேறு பிளாஸ்டிக்.

பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவி, மொத்தத்தையும் வாட்டர் பேப்பரால் ஒருமுறை தேய்த்து, கார் பெயிண்ட் கடையில் கிடைக்கும் சாம்பல் பிரைமரை மாடியில் வைத்து அடித்தேன். இரண்டு மெல்லிய பூச்சு. தெர்மோகோலில் ஏதாவது செய்திருந்தால் அந்த ஸ்ப்ரே பக்கமே போகாதீர்கள், தின்றுவிடும்.

இனிமேல்தான் இந்த வீடியோவுக்கே வருகிறேன். வண்டியைப் பழசாக்குவது.

நெட்டில் நிறையப் பேர் என்ன செய்கிறார்கள் தெரியுமா? ஸ்பாஞ்சை பிரவுன் பெயிண்டில் தொட்டு வண்டி முழுக்க ஒரே சீராக ஒற்றி எடுக்கிறார்கள். அம்மை போட்ட மாதிரி ஆகிவிடுகிறது வண்டி. ஒரு வண்டி அப்படி எல்லா இடத்திலும் சமமாகத் தேயாது. என்ன வேலை செய்ததோ அங்கேதான் தேயும்.

இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஸ்டுடியோ எதுவும் தேவைப்படவில்லை. பர்கூர், ஜெகதேவி பக்கம் ஏதாவது ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் போதும். பெரிய கிரானைட் பாளங்கள் டிரெய்லரில் போகும், ஜல்லியும் எம்-சாண்டும் உடைந்த கல்லும் டிப்பரில் போகும். நின்று போகிற டிப்பரைக் கவனித்துப் பாருங்கள். பாடியின் மேல் விளிம்பு முழுக்க அடிவாங்கியிருக்கும். ஹிட்டாச்சியின் பக்கெட் மோதுகிற இடம் அது. அங்கே பெயிண்ட் உரிந்து, துரு பிடித்து, அந்தத் துருவிலேயே மறுபடி அடிபட்டு இரும்பு பளபளக்கும். வெளிப்பக்கத்தைவிட உள்பக்கம்தான் மோசம். ஆனால் பாடியின் தரையில் துருவே இருக்காது! கல் வழுக்கி வழுக்கித் தேய்த்து வெள்ளி போட்டிருக்கும். டிரைவர் ஏறுகிற படியின் நடுவில் பெயிண்ட் இருக்காது, ஓரத்தில் இருக்கும். டீசல் டேங்க் மூடிக்குக் கீழே கறுப்பாக ஒரு வழிசல், அதன்மேல் தூசு ஒட்டிக்கொண்டு தடித்திருக்கும். ஜாக் மட்டும் பளிச்சென்று இருக்கும், தூக்கி இறக்கும்போது துடைபடுகிறதே. ஆனால் அது சேரும் கணுவில் கிரீஸும் தூசும் சேர்ந்து கருப்புப் பசை.

இப்போது இதை அப்படியே நம் வண்டிக்குக் கொண்டுவருவோம். பாடி முழுக்க முதலில் துரு நிறம். அக்ரிலிக் பிரவுன், மேலே அங்கங்கே ஆரஞ்சு. காய்ந்ததும் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ். அதன்மேல் ஹேர் ஸ்ப்ரே, ஆமாம், தலைக்கு அடிக்கிறதேதான். அதன்மேல் மஞ்சள் அக்ரிலிக். மஞ்சள் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்தால் போதும், இரவு முழுக்க விட்டுவிடாதீர்கள். தண்ணீர் தொட்ட பிரஷ்ஷால் எங்கே உரிய வேண்டுமோ அங்கே மட்டும் நனைத்து, ஒரு நிமிடம் விட்டு, வெட்டிய பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். தண்ணீரில் ஹேர் ஸ்ப்ரே இளகும், மேலே இருக்கிற மஞ்சள் செதில் செதிலாக வரும். பாருங்கள்... பாருங்கள்... வந்துவிட்டது. மேல் விளிம்பு. இந்த ஓரத்தை எந்தப் பிரஷ்ஷாலும் வரைய முடியாது.

ராக்கெட் குழாய்களுக்கு இது கூடாது. அவை வண்டியில் புதிதாக ஏற்றியவை, கல் அதில் விழவில்லை. அதற்குச் சிராய்ப்பு வேண்டாம், வாய்ப்பக்கம் கரி மட்டும். வண்டி பழசு, ஆயுதம் புதுசு. இந்த ஒரு வித்தியாசத்திலேயே நான் ஆரம்பத்தில் சொன்ன கதை யாரும் சொல்லாமல் தெரிந்துவிடும்.

வழிசலுக்கு ஆயில் கலர். பர்ன்ட் அம்பர் என்ற அடர் பழுப்பை ஒரு பொட்டு வைத்து, டர்பன்டைன் லேசாகத் தொட்ட பிரஷ்ஷால் கீழ்நோக்கி ஒரே இழுப்பு. மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று யோசித்து இழுங்கள். பாடி தூக்கும் வண்டி என்பதால் பின்பக்கமாகவும் ஓடும்.

கடைசியாகத் தூசு. நேராக ரோட்டு மண்ணை அள்ளிப் போட்டால் என்ன என்று கேட்கிறீர்கள். அரை மில்லிமீட்டர் மணல் நம் அளவில் 28 மில்லிமீட்டர். முக்கால் இன்ச் ஜல்லியைவிடப் பெரிசு! தூசு என்று போட்டது கல்லாகத் தெரியும். அப்படியானால் கிரானைட் பாலிஷ் போடும் இடத்துத் தூள் மாவாக இருக்குமே என்பீர்கள். அதைத் தொடவே தொடாதீர்கள். அதில் குவார்ட்ஸ் இருக்கிறது, நுரையீரலில் போய் உட்கார்ந்தால் வெளியே வராது. சிலிகோசிஸ் என்று ஒரு நோய், குவாரியிலும் கல் அறுக்கிற இடத்திலும் வேலை செய்கிறவர்கள் அதைச் சுமக்கிறார்கள். பொழுதுபோக்குக்காக நாம் வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது.

நான் பயன்படுத்துவது ஹார்டுவேர் கடையில் சிமெண்டுத் தரைக்குப் போடும் ஆக்சைடு பொடி. ரெட் ஆக்சைடு என்பது இரும்பு ஆக்சைடு, துருவுக்கும் செம்மண்ணுக்கும் சிவப்பைக் கொடுப்பதே அதுதான். கறுப்பு ஆக்சைடும் சாக்பீஸ் பொடியும் கலந்தால் குவாரிச் சாம்பல். இதற்கும் மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள், ஃபேனை அணையுங்கள். சக்கரத்துக்கு மேலேயும் சங்கிலியிலும் முதலில் சிவப்பு, அது ரோட்டுத் தூசு. பாடியிலும் கேபின் கூரையிலும் அதற்கு மேல் சாம்பல், அது குவாரியில் லோடு ஏற்றும்போது படிந்தது. டர்பன்டைன் ஒரு சொட்டு விட்டால் பிடித்துக்கொள்ளும். மேட் வார்னிஷ் அடித்தால் நிறம் கொஞ்சம் மங்கும், அதற்காகக் கூடுதலாகவே போடுங்கள். கண்ணாடியில் வைப்பர் துடைத்த அரை வட்டத்தை மறக்காதீர்கள்.

ஆட்டத்தில் ஒரு சந்தேகம் வரும். பாடி தூக்கியிருந்தால் வண்டி உயரம், எதிராளிக்குக் குறி தெரியும். இறக்கினால் சுவருக்குப் பின்னால் ஒளியும். பொம்மையின் கண்மட்டத்திலிருந்து பார்வை பார்க்கிற விளையாட்டில் இது சண்டையில் முடியும். நாங்கள் ஆட்டத்துக்கு முன்பே பேசிவிட்டோம், இறக்கிய உயரம்தான் கணக்கு.

அப்புறம் அலங்காரம். பம்பரில் கறுப்புக் கயிறு, கறுப்பு நூலில் முடிந்தது. பின்னால் ஒரு ஒற்றைச் செருப்பு, எம்-சீலில் 5 மில்லிமீட்டர் நீளம். எந்தக் கிரகமாக இருந்தால் என்ன, கண்ணு பட்டால் பட்டதுதானே.

முன் கண்ணாடிக்கு மேலே 4 மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒரு பட்டை காலியாக விட்டிருக்கிறேன். லாரி என்றால் அங்கே பெயர் இல்லாமல் இருக்காது. முருகன் துணை என்று எழுதலாம், பாராமகால் எக்ஸ்பிரஸ் என்றும் எழுதலாம். ஓசூர் நண்பன் அவன் மகள் பெயரை எழுதச் சொல்கிறான். உங்கள் யோசனையைக் கீழே போடுங்கள், பத்துப் பன்னிரண்டு எழுத்துக்குள் இருக்கட்டும். ஒற்றை மயிர் பிரஷ்ஷால் நான்தான் எழுத வேண்டும்.