விடுதியும் பள்ளிக்கூடம்தான்

எல்லாருக்கும் வணக்கம். வாசிகசாலைக்காரர் என்னைப் பெண்கள் கல்வி பற்றிப் பேசச் சொன்னார்கள். அது பெரிய விஷயம், நான் அதில் ஒரு மூலையை மட்டும் எடுக்கிறேன்: போர்டிங்.

யாழ்ப்பாணத்தில் பெண்பிள்ளைகளின் பள்ளிப் படிப்பு வேர் பிடித்ததே விடுதியில்தான். 1824இல் அமெரிக்க மிஷன் உடுவிலில் தொடங்கியது தங்கிப் படிக்கிற பள்ளிக்கூடம். பெண்ணைப் படிக்க அனுப்ப ஆள் இல்லாத காலம் அது, அதனால் சாப்பாடும் உடுப்பும் கொடுத்தார்கள், படித்து முடித்தால் சீதனமும் தருகிறோம் என்றார்கள் (சீதனம் என்றதும் எத்தனை பேர் காது நிமிர்ந்திருக்கும், அதை விடுவோம்). மதம் மாற்றுவது அவர்களுடைய நோக்கம், மறைக்க ஒன்றுமில்லை. சைவப் பெண்பிள்ளைகளுக்கு என்று சைவத் தலைவர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் மருதனார்மடத்தில் கல்லூரி கட்டியபோது அவரும் விடுதியோடுதான் கட்டினார். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிறவளுக்கு மட்டும் பள்ளிக்கூடம் நடத்தினால் ஊர் படிக்காது என்பது இரண்டு பக்கத்துக்கும் விளங்கியிருக்கிறது.

சரி, இப்போது? 1945இல் இலவசக் கல்வி வந்தது, 1960இல் மிஷனும் சங்கங்களும் அரசாங்க உதவியோடு நடத்திய பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை அரசாங்கம் எடுத்தது, மிஷன் வழியில் வந்த யாழ்ப்பாணத்து வேம்படி மகளிர் பாடசாலை இன்று அரசாங்கத்தின் தேசிய பாடசாலை. படிப்புக்குக் காசில்லை. ஆனால் நெடுந்தீவில் ஒரு பிள்ளை ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்து, பட்டணத்துப் பெரிய பாடசாலையில் இடம் பெறுகிறாள் என்று வையுங்கள். குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம், அங்கிருந்து யாழ்ப்பாணப் பட்டணத்துக்குப் பஸ்ஸில் இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல், மார்கழியில் கடல் கொந்தளித்தால் படகே இல்லை. பத்து வயசுப் பிள்ளை தினமும் போய் வருமா? உயர்தரத்தில் விஞ்ஞானமும் கணிதமும் படிப்பிக்கிற பாடசாலை ஊருக்கு ஊர் கிடையாது, வன்னியில் உள்ளே போகப் போக நிலைமை இன்னும் மோசம். இந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட வாசல் என்பது விடுதியில் கிடைக்கிற ஒரு கட்டில்தான், அந்தக் கட்டிலுக்குக் காசு கட்ட வேண்டும்.

நானும் போர்டிங்கில் இருந்தவள். விடியப்புறம் தொட்டியடியில் வாளியோடு நிற்கிற வரிசை, ஒருத்தி தலையில் சோப்போடு நிற்கும்போது தண்ணீர் முடிந்துவிடும், விடுதியைப் பார்க்கிற மேற்றன் மேலே பார்த்து மோட்டர் போடுங்கோ என்று கத்துவா. ஞாயிற்றுக்கிழமை அம்மா பருத்தித்துறை வடை கொண்டு வந்தால் அது பிரெப் என்கிற இரவுப் படிப்பு நேரத்துக்கு முன்னமே முடிந்துவிடும், எனக்குக் கிடைப்பது இரண்டோ மூன்றோ. பின்னேரம் வெளியில் ரியூசனுக்குப் போக விடமாட்டார்கள், பட்டணத்துப் பிள்ளைகள் கொண்டு வருகிற நோட்டைக் கொப்பி பண்ணித்தான் சமாளித்தோம். இன்றைக்கும் எத்தனையோ விடுதியில் இதே கதைதான்.

கனடாவிலும் லண்டனிலும் இருந்து பழைய மாணவிகள் அனுப்புகிற காசில் மண்டபம் எழும்புகிறது, பெயர்ப்பலகை திறக்கிறார்கள், படம் எடுக்கிறார்கள். தண்ணீர்த் தொட்டிக்கு நாடா வெட்ட ஒருவரும் வருவதில்லை. அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் போகிறவர்கள் மூன்றே மூன்று விஷயம் கேளுங்கோ: விடுதியில் எத்தனை கட்டில், இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் யார் பொறுப்பு, சாப்பாட்டுக் காசு கட்ட முடியாத பிள்ளைக்கு என்ன ஏற்பாடு. பதில் வராவிட்டால் அடுத்த கூட்டத்திலும் கேளுங்கோ. என் போன் நம்பர் வாசிகசாலையில் இருக்கிறது, கூட வர ஆள் தேவை என்றால் நான் வருகிறேன்.