சிவப்பு மை எங்கே, டீச்சர்?

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களே, வேலை முடித்த கையோடு வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

'அரசு நடுநிலைப் பள்ளியின் தரத்தைப் பெரிதும் உயர்த்துவது ஆசிரியரின் உழைப்பா, பெற்றோர், ஊராரின் பங்கேற்பா?' இதுதான் இன்றைய தலைப்பு. ஆசிரியரின் உழைப்பே என்று முழங்கிவிட்டு அமர்ந்திருக்கும் எதிரணித் தலைவர் மூன்று வாதங்களை வைத்தார். வகுப்பறையில் பாடம் நடத்துவது ஆசிரியர்தானே என்றார். கூலிக்குப் போகிற, எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர் பள்ளிக்கு வந்து எதைக் கண்டுபிடித்துவிடப் போகிறார்கள் என்றார். ஊர் உள்ளே வந்தால் ஊர்ச் சண்டையும் சாதியும் கூடவே வரும் என்றார். இரண்டாவது வாதத்திலிருந்து தொடங்குகிறேன், நடுவர் அவர்களே. அதுதான் என்னைச் சுட்டது.

ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றின் மேலாண்மைக் குழுவில் நான் உறுப்பினர். என் மகள் அங்கே ஏழாம் வகுப்பு படிக்கிறாள். எங்கள் குழுவில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற ஒரு தாய் இருக்கிறார். அவருக்குக் கையெழுத்து வராது, கைநாட்டுதான். ஒரு நாள் கூட்டத்தில் சுற்றுச்சுவர், குடிநீர்த் தொட்டி, ஆண்டு விழா என்று பேச்சு நீண்டுகொண்டே போனது. அந்த அம்மா எதிலும் கலந்துகொள்ளவில்லை. மகனுடைய கணக்கு நோட்டை மடியில் வைத்து ஒவ்வொரு தாளாகப் புரட்டிக்கொண்டிருந்தார். பேச்சு ஓய்ந்ததும் நோட்டைத் தூக்கிக் காட்டிக் கேட்டார்: “டீச்சர், முன்னால் இருக்கிற பக்கத்தில் எல்லாம் சிவப்பு மை இருக்கிறது. ஆயுத பூஜைக்குப் பிறகு ஒரு பக்கத்தில்கூட இல்லையே, ஏன்?”

அறையில் அப்படியொரு அமைதி. அந்த நோட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. கூட்டல் சரியா, பின்னம் தவறா, எதுவும் தெரியாது. ஆனால் தன் பிள்ளை எழுதியதை இரண்டு மாதமாக இன்னொரு கண் பார்க்கவில்லை என்பது தெரிந்துவிட்டது. நாங்கள் நாலெழுத்துப் படித்தவர்கள் அத்தனை பேரும் சுற்றுச்சுவரின் உயரத்தைப் பேசிக்கொண்டிருந்தோம்.

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. கணக்கு ஆசிரியர் மாறுதலில் போய்விட்டார், அந்த இடம் நிரப்பப்படவில்லை. இருக்கிற ஆசிரியை ஒருவரே ஆறாம் வகுப்பையும் ஏழாம் வகுப்பையும் ஒன்றாக உட்கார வைத்து இரண்டு பாடம் நடத்திக்கொண்டு, நடுவில் எமிஸ் என்கிற கல்வித் துறை இணையதளப் பதிவுகளையும் முடித்துக்கொண்டிருந்தார். நோட்டுத் திருத்த அவருக்கு நேரமில்லை. தலைமையாசிரியை மேலிடத்துக்கு மாற்றி மாற்றிக் கடிதம் எழுதியும் பதில் வரவில்லை. அன்று நாங்கள் தீர்மானம் எழுதினோம். அதன் அடியில் பெற்றோரின் கையெழுத்தும் கைநாட்டும் வரிசையாக விழுந்தன. அதை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஒரு முறையல்ல, மூன்று முறை போனோம். மாற்றுப்பணியில் வாரத்துக்கு மூன்று நாள் ஒரு கணக்கு ஆசிரியர் வந்தார். நோட்டில் மறுபடி சிவப்பு மை விழுந்தது.

பாடம் நடத்துவது ஆசிரியர்தான், மறுக்கவில்லை. ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு அறிவியல் கணக்குக்கு ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிக்கு ஒருவர், 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையே சொல்கிறது. அட்டவணை சொன்னதும் ஆசிரியர் நடந்து வந்துவிடுவதில்லையே! அவர் வந்து சேர்ந்தது அந்த அம்மா கேட்ட கேள்வியால். இரண்டு வகுப்பைச் சுமந்துகொண்டிருந்த ஆசிரியைக்கு அந்தக் கேள்வி பகையாக வரவில்லை, துணையாக வந்தது. எதிரணியினர் எங்களைத் தங்களுக்கு எதிராக நிறுத்திப் பார்க்கிறார்கள். அவர்களுடைய உழைப்பு பலிக்க வேண்டுமானால் நாங்கள் உள்ளே வந்தாக வேண்டும்.

நடுவர் அவர்களே, தலைப்பில் இருக்கிற 'நடுநிலை' என்ற சொல்லைத் தயவுசெய்து கவனியுங்கள். பத்தாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு உண்டு. முடிவு வந்த அன்று எந்தப் பள்ளி எத்தனை சதவீதம் என்று பேப்பரில் வந்துவிடுகிறது. சரிந்த பள்ளியை ஊரே கேட்கிறது, கலெக்டர் கேட்கிறார். நடுநிலைப் பள்ளிக்கு அப்படி ஒரு நாள் உண்டா? தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை அனைவருக்கும் தேர்ச்சி. அது வேண்டும் என்பவள் நான். பதினொரு வயதுப் பிள்ளையைத் தோல்வி என்று முத்திரை குத்தி வீட்டுக்கு அனுப்புவது கொடுமை. ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. வகுத்தல் வராத பிள்ளையும் தேர்ச்சி, ஒரு பத்தியைத் தட்டுத்தடுமாறிப் படிக்கிற பிள்ளையும் தேர்ச்சி. மூன்று வருடம் குறை மறைந்தே கிடக்கும். ஒன்பதாம் வகுப்பில் வேறு பள்ளிக்குப் போய், இயற்கணிதத்தின் முன்னால் நிற்கும்போதுதான் அது வெளியே வரும். அதற்குள் பிள்ளை மில் வேலைக்குப் போகத் துணிந்திருக்கும். தேர்வு காட்டாத குறையை யார் காட்டுவது? வீட்டில், விளக்கடியில், “இதைக் கொஞ்சம் சத்தமாகப் படி, நான் கேட்கிறேன்” என்று உட்காருகிற தாயும் தகப்பனும்தான் காட்ட முடியும். படிக்கத் தெரியாதவருக்கும் பிள்ளை திணறுவது காதில் விழும்.

இன்னொன்று. இதைச் சொல்லச் சற்று மனம் கனக்கிறது. ஆறாம் வகுப்பு முடித்து ஏழுக்குப் போனதிலிருந்து என் மகளின் தண்ணீர் பாட்டில் நிறைத்துக் கொடுத்தபடியே திரும்பி வரத் தொடங்கியது. மூடிகூடத் திறக்காமல் வரும். நான்கைந்து நாள் திட்டினேன். ஒரு ராத்திரி தலைமாட்டில் உட்கார்ந்து கேட்டபோது சொன்னாள்: கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அதனால் பெரிய பெண்கள் யாரும் பள்ளியில் தண்ணீர் குடிப்பதில்லை. காலை ஒன்பதரையிலிருந்து மாலை நான்கு மணி வரை, சித்திரை வெயிலிலும்! தாகத்தோடு உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு எந்த ஆசிரியர் எவ்வளவு அருமையாக நடத்தினாலும் ஏறுமா? எங்கள் ஆசிரியைகள் நல்லவர்கள். ஆனால் நிறைந்த பாட்டில் வகுப்பறையில் யார் கண்ணிலும் படாது. அது வீட்டில்தான் தெரியும். தாழ்ப்பாள் மறுநாளே வந்தது. ஒரு தச்சர், பெற்றோர்தான், அரை மணி நேரத்தில் பொருத்திவிட்டுப் போனார். அந்த அரை மணி நேர வேலைக்காக எத்தனை பிள்ளைகள் எத்தனை மாதம் நாக்கு வறண்டு கிடந்தார்கள் என்று நினைத்தால் இன்றும் எனக்குத் தூக்கம் கெடுகிறது.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய தோழர் நன்றாகப் படித்துவிட்டு வந்திருக்கிறார். உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில் பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் நடத்தி 2010-ல் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்காட்டினார். கிராமக் கல்விக் குழுக்களுக்கு அவர்களுடைய உரிமைகளை எடுத்துச் சொன்னார்கள், கூட்டங்கள் நடத்தினார்கள், ஆனாலும் பள்ளியில் ஒன்றும் மாறவில்லை என்றார். உண்மைதான். ஆனால் அதே ஆய்வின் மறுபாதியை ஏன் சொல்லாமல் விட்டார்? அதே மாவட்டத்தில் சில ஊர்களில் உள்ளூர் இளைஞர்களுக்குக் குறுகிய பயிற்சி கொடுத்து, பள்ளி நேரத்துக்கு வெளியே வாசிப்பு வகுப்பு நடத்தச் செய்தார்கள். அதற்கு வந்த பிள்ளைகளின் வாசிப்பு கண்கூடாக உயர்ந்தது. கூட்டம் போட்டுத் தலையை எண்ணினால் ஊர் வராது. கையில் ஒரு வேலையைக் கொடுத்தால் வரும். என் கட்சியும் அதுதானே!

நம் ஊரிலேயே பார்த்தோம். கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்த காலத்தில் பிள்ளைகள் எழுத்தையே மறந்தார்கள். 2021-ல் இல்லம் தேடிக் கல்வி என்ற அரசுத் திட்டம் தொடங்கியது. தெருவுக்குத் தெரு தன்னார்வலர்கள், பெரும்பாலும் அந்தந்தத் தெருப் பெண்கள், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு, மாலையில் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் சிறு பிள்ளைகளிடம் பொருளாதார அறிஞர்கள் ஆய்வு செய்தார்கள். இழந்த கற்றலில் பிள்ளைகள் மீட்டெடுத்ததில் ஏறத்தாழக் கால் பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்று கண்டார்கள். எங்கள் தெருவில் அந்த வகுப்பை எடுத்தவர் டிப்ளமோ படித்துவிட்டுக் கல்யாணமாகி வீட்டில் இருந்த ஒரு பெண். பிள்ளைகள் அவரை இன்றும் 'அக்கா டீச்சர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

சாதிக்கு வருகிறேன். இதில் எதிரணித் தலைவர் சொன்னது பொய்யில்லை. 2018-ல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே ஓர் அரசுப் பள்ளியில், சத்துணவு சமைத்தவர் பட்டியல் சாதிப் பெண் என்பதற்காகவே ஊரார் சிலர் எதிர்த்தார்கள். அவருக்கு இடமாற்ற உத்தரவும் போடப்பட்டது. போராட்டத்துக்குப் பிறகுதான் அது ரத்தானது. அவரை எதிர்த்தவர்களும் ஊரார்தான். ஆனால் ஒன்று கேட்கிறேன். பள்ளிக் கதவைச் சாத்திவிட்டால் சாதி வெளியிலேயே நின்றுவிடுமா? அது பிள்ளைகளின் தட்டிலும் பெஞ்சிலும் ஏற்கெனவே உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு உரிய பிரதிநிதித்துவம் என்று சொல்வது எதற்காக? ஊர்ப் பெரிய மனிதர் நாற்காலியில் உட்கார, மற்றவர்கள் வாசலில் நிற்கிற பழைய ஏற்பாட்டை உடைப்பதற்காக. காலனித் தெருத் தாய் ஒருவர் எங்கள் கூட்டத்தில் எனக்குப் பக்கத்தில் அதே பாயில் உட்காருகிறார். ஊரில் வேறு எத்தனை இடத்தில் அவருக்கு அந்த இடத்தைச் சட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்? அந்த இடத்தை வலுவாக்குங்கள். கெட்டவர்கள் வருவார்கள் என்று பயந்து எல்லோரையும் விரட்டாதீர்கள்.

ஊர் பள்ளியைத் தூக்கிப் பிடித்தது நமக்குப் புதிதும் இல்லை. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, நெ. து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராக இருந்தபோது, பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் மாவட்டம் மாவட்டமாக நடந்தன. நிலம் கொடுத்தவர், பெஞ்சு கொடுத்தவர், மணி வாங்கிக் கொடுத்தவர் என்று ஊர் ஊராக முன்வந்தார்கள். அன்றைய மதிய உணவின் செலவில் ஒரு பங்கை ஊரே ஏற்றது. இன்று அரசே உணவு தருகிறது, அதில் எனக்கு மகிழ்ச்சி. ஊரிடம் நான் காசு கேட்கவில்லை. கண்ணும் காதும்தான் கேட்கிறேன்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு என்.எம்.எம்.எஸ். என்ற கல்வி உதவித்தொகைத் தேர்வு இருக்கிறது. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கானது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 3.5 லட்சத்துக்கு மேல் போகக் கூடாது. தேர்ச்சி பெற்றுத் தெரிவானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். ஆசிரியர் இரவு பகலாகப் பயிற்சி கொடுக்கிறார். பெற்றோர் அலைந்து வாங்க வேண்டிய காகிதங்கள் நேரத்துக்கு வந்து சேராமல் போனால் அவ்வளவு உழைப்பும் வீண்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பெற்றோர் கூட்டத்துக்கு வருவதில்லை என்று எதிரணியில் எல்லோரும் வருத்தப்பட்டார்கள். கூட்டம் வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு. அந்த நேரத்தில் நடவுக்காரர் சேற்றில் நிற்பார், கட்டட வேலைக்காரர் சாரத்தில் நிற்பார். கூட்டத்துக்கு வந்தால் அரை நாள் கூலி போய்விடும். எங்கள் தலைமையாசிரியை ஒரு மாதம் துணிந்து, மாலை ஆறு மணிக்கு இன்னொரு முறை கூடலாம் என்று சொல்லி அனுப்பினார். குளித்து, தலை சீவி, ஈரம் காயாத முடியோடு பெண்கள் வந்தார்கள். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு ஆண்கள் வந்தார்கள். விரித்த பாய் போதாமல் பிள்ளைகள் வீட்டுக்கு ஓடிப் பாய் சுருட்டி வந்தார்கள். சிவப்பு மை கேட்ட அந்த அம்மா முன்வரிசையில் இருந்தார். இந்த முறை அவர் மடியில் இரண்டு நோட்டு. ஒன்று பக்கத்து வீட்டுப் பிள்ளையுடையது.

நன்றி, வணக்கம்.